சோத்தை விட்டா என்னத்தைச் சாப்பிடுறது?

பரந்தன் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்குப் போனால் ஒரு பொதுநோக்கு மண்டபம் இருக்கிறது. போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் அங்கே ‘இணையவழி ஆரோக்கிய ஆலோசனை’ என்று ஒரு நிகழ்வு நடந்தது. நடத்தியவர்களின் பெயர் வேண்டாம். நல்ல மனசோடுதான் வந்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைத்துணி, ஒரு புரொஜெக்டர், சூமில் வெளிநாட்டிலிருந்து ஒரு தங்கச்சி. கதிரை அடுக்கினது நாங்கள். வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் அம்மாமார். அந்தத் தங்கச்சி ஒரு மணித்தியாலம் அழகாகக் கதைத்தா. காலையில் ஓட்ஸ், மத்தியானம் சலாட், இரவைக்கு சூப், ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடை. கடைசியில் “ஏதும் கேள்வி இருக்கா?” என்று கேட்டா. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பினா.

“பிள்ளை, சோத்தை விடச் சொல்லுறியள். விட்டா என்னத்தைச் சாப்பிடுறது?”

எல்லாரும் சிரித்தார்கள். திரையில் இருந்தவவும் சிரித்தா. பிறகு இணைப்பு விட்டுவிட்டு வந்தது, நேரமும் போய்விட்டது, கேள்விக்குப் பதில் வரவில்லை. வந்த சனத்துக்குத் தேத்தண்ணியும் றோல்ஸும் குடுத்து அனுப்பினோம். ஓம், சீனி வருத்தம் பற்றிய கூட்டம் முடியத் தேத்தண்ணியும் றோல்ஸும்தான் குடுத்தோம். அந்த வெட்கமும் எங்களுடையதுதான்.

அந்த அம்மாவின் கேள்வி எங்களை விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. இணையவழி ஆலோசனை என்ற பெயரில் இப்போது வன்னிக்கு வந்துகொண்டிருப்பவற்றில் பெரும்பாலானவை எங்கட சனத்துக்கு உதவாது, சிலது ஆபத்தும்கூட என்று நாங்கள் சொல்கிறோம். அதே நேரம் அது முழுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சரியாகச் செய்தால் அது உயிர்காக்கும். அதற்கு ஆதாரம் இருக்கிறது. எங்கட கோபமே அதனால்தான்: செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் அதன் நிழலை மட்டும் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

முதலில் ஆதாரத்தைச் சொல்லிவிடுகிறோம். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் செய்த இரண்டு ஆய்வுகளை இந்த விசயம் கதைக்கிற ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது 2006இல் வெளிவந்தது. சீனி வருத்தம் வருகிற விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று வருசம் பின்தொடர்ந்தார்கள். வழமையான அறிவுரை மட்டும் கிடைத்தவர்களில் 55 வீதமானோருக்கு வருத்தம் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றத் தொடர்ந்து உதவி கிடைத்தவர்களில் அது 39 வீதமாகக் குறைந்தது. இரண்டாவது 2013இல் வெளிவந்தது. இந்தமுறை உதவி கைத்தொலைபேசியில் போனது. 537 ஆண்கள், இரண்டு வருசம். ஒரு பகுதியினருக்குச் சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் தொடர்ந்து போயின. மற்றப் பகுதியினருக்குத் தொடக்கத்தில் குடுத்த அறிவுரையோடு சரி. செய்தி கிடைத்தவர்களில் 18 வீதமானோருக்கும், கிடைக்காதவர்களில் 27 வீதமானோருக்கும் வருத்தம் வந்தது. ஸ்மார்ட்போனும் இல்லை, வீடியோவும் இல்லை, சாதாரண எஸ்எம்எஸ்.

ஆகவே ‘ஃபோன்ல சொல்லி ஆர் கேக்கப்போகினம்’ என்று கையை விரிப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. கேட்டிருக்கிறார்கள். அதுவும் எங்களைப்போலச் சோறு சாப்பிடுகிற, எங்கட மொழி கதைக்கிற மனிதர்கள் வாழ்கிற மண்ணில்.

ஆனால் அந்த எஸ்எம்எஸ் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். எல்லாரையும் முதலில் நேரில் பார்த்து, இரத்தம் சோதித்து, உன்னுடைய நிலை இதுதான் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வருசம் விடாமல் தொடர்ந்தார்கள். இடைக்கிடை திரும்பக் கூப்பிட்டு அளந்தார்கள். ஃபோன் அந்த உறவின் நீட்சியாக இருந்தது. நேரில் பார்த்த முகம் ஒன்று அதன் பின்னால் இருந்தது. எங்கட மண்டபத்துக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணித்தியாலம், ஒரு திரை. அந்தத் தங்கச்சியை அதற்குப் பிறகு நாங்களும் காணவில்லை, அம்மாமாரும் காணவில்லை. இரண்டுக்கும் ‘இணையவழி’ என்ற ஒரே பெயரை வைப்பது பித்தலாட்டம்.

இனி எங்கட குற்றச்சாட்டுகளுக்கு வருவோம்.

இந்த ஆலோசனைகளுக்கு எங்கட கோப்பை தெரியாது. இரணைமடுத் தண்ணியில் விளைகிற நெல்லைச் சுற்றித்தான் இங்கே வாழ்க்கை ஓடுகிறது. காலமை பாண் அல்லது புட்டு, மத்தியானம் சோறு, இரவு இடியப்பம் அல்லது திரும்பவும் சோறு. இப்படிப்பட்டவரிடம் ‘மாச்சத்தை விடுங்கோ’ என்றால் அவர் கேட்கமாட்டார், கேட்கவும் ஏலாது. கேட்கக்கூடியதைச் சொல்ல வேண்டும். மூன்று அகப்பைச் சோற்றை இரண்டாக்கு. எடுத்த இடத்தில் முருங்கையிலையையோ பொன்னாங்காணியையோ வை. வெள்ளை அரிசியை விட்டுத் தீட்டாத குத்தரிசிக்குப் போ. கிழமையில் இரண்டு நாள் குரக்கன் புட்டு. புட்டுக்குத் தேங்காய்ப்பூ போடுகிற கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடி. மீன் பொரிப்பதைத் தீயலாக்கு. இதெல்லாம் எங்கட அம்மாமாருக்கு விளங்குகிற பாசை. ஓட்ஸ் பைக்கற் வாங்குகிற காசுக்கு வீட்டில் எத்தனை நாளைக்குக் கீரை வாங்கலாம் என்ற கணக்கை ஆலோசகர் தெரிந்திருக்க வேண்டும்.

சீனியை எடுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், கிட்டத்தட்ட ஆறு தேக்கரண்டிக்குள் நின்றால் நல்லது என்கிறது. எங்கட வீடுகளில் ஒரு தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி. ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி. எட்டுக் கரண்டி அங்கேயே முடிந்தது. சோடாவையோ கேக்கையோ தொடாமலே எல்லையைத் தாண்டிவிட்டோம். ‘சீனியை நிப்பாட்டுங்கோ’ என்று கட்டளை போடாமல், இந்தக் கிழமை இரண்டை ஒன்றரையாக்குவோம், அடுத்த மாசம் ஒன்றாக்குவோம் என்று கூட வருகிற ஒருவர் கிடைத்தால் அது ஆலோசனை. ‘சீனி கூடாது, பனங்கட்டி நல்லம்’ என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது ஆலோசனை இல்லை. பனங்கட்டியும் சீனிதான்.

அடுத்தது, இந்த ஆலோசனைகளுக்கு எங்கட உடம்பு தெரியாது. பத்தாயிரம் அடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965இல் ஜப்பானில் ஒரு கம்பனி நடையை அளக்கிற கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயரின் அர்த்தமே ‘பத்தாயிரம் அடி அளப்பான்’. விளம்பரப் பெயராக வந்த எண் உலகம் முழுக்க வேதவாக்காகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு. அதை நடந்தும் செய்யலாம், சைக்கிள் மிதித்தும் செய்யலாம், தோட்டம் கொத்தியும் செய்யலாம். இந்த வித்தியாசம் எங்களுக்கு வெறும் தகவல் இல்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் பொய்க்காலோடு ஒரு அண்ணை இருந்தார். முதுகில் ஷெல்துண்டோடு வாழ்கிற ஒரு அக்கா இருந்தா. அவர்களுக்கு முன்னால் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லிப் படம் காட்டினோம். கதிரையில் இருந்தபடி கைக்குச் செய்கிற பயிற்சிகள் இருக்கின்றன, அதில் ஒன்றைக்கூட ஒருவரும் காட்டவில்லை. வன்னிக்கு உடற்பயிற்சி சொல்ல வருகிறவர் யுத்தத்தில் காயப்பட்டவரை முதலில் நினைக்காவிட்டால் வேறு எங்கே நினைப்பார்?

உடல் நிறைச் சுட்டியும் அப்படித்தான். செயலியில் உயரத்தையும் நிறையையும் போட்டால் 25க்குக் கீழே என்றால் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் ஆசிய உடம்புகளுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது. மெலிந்த கையும் காலும், முன்னுக்கு வண்டியும் என்று எத்தனை பேரை எங்கட ஊரில் பார்க்கிறோம்? தென்னாசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. ஒரு தையல் நாடா போதும், செயலி தேவையில்லை. பச்சை விளக்கைப் பார்த்து நிம்மதியாகப் படுத்தவர் விளிம்பில் நிற்பதை ஆர் சொல்லுவது?

அடுத்தது ஆபத்து. எங்கட ஒழுங்கையில் ஒரு மாமி. சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவ. வெளிநாட்டில் இருக்கிற சொந்தம் ஒன்று காசு கட்டி ஒரு இணைய ‘டயற் பிளான்’ எடுத்துக் குடுத்தது. அதில் இரவுச் சாப்பாடு இல்லை. மாமி சாப்பாட்டை விட்டா, குளிசையை விடவில்லை. விடியப்புறம் வேர்த்து விறுவிறுத்து மயங்கிக் கிடந்தா. நல்லகாலம், மகள் கண்டு சீனித்தண்ணி பருக்கினா. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிட்டால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். நீரிழிவு படித்த எவருக்கும் தெரிந்த பாலபாடம் இது. அந்தப் பிளான் குடுத்தவர் ‘என்ன குளிசை எடுக்கிறீங்கள்?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. மாமி செத்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. அடுத்த மாசக் காசு வரவில்லையே என்று மட்டும் யோசித்திருப்பார்.

காலும் அப்படித்தான். சீனி வருத்தம் பழசானால் பாதத்தில் உணர்வு குறையும். முள் குத்தினது தெரியாது. வெறுங்காலோடு வயலுக்குள் இறங்குகிற ஊர் இது. ‘காலமை வெறுங்காலோட புல்லில நடவுங்கோ, உடம்புக்கு நல்லம்’ என்று ஒரு வீடியோ இங்கே எல்லா ஃபோனிலும் இருக்கிறது. காலைப் பார்க்காமல் நடை சொல்லக்கூடாது. நிலக்கண்ணியில் கால் போனவர்கள் இருக்கிற ஊரில் இனி ஒரு கால்கூட அநியாயமாகப் போகக்கூடாது.

பிறகு வியாபாரம். முதல் மாதம் இலவச ஆலோசனை, இரண்டாம் மாதம் ‘இந்த மாவைக் கரைச்சுக் குடியுங்கோ’, மூன்றாம் மாதம் ‘நீங்களும் ஆள் சேர்த்தால் கொமிசன்’. நுண்கடனில் அடிபட்டு எழும்ப முடியாமல் இருக்கிற பெண்களின் ஃபோனுக்குத்தான் இதுவும் வருகிறது. ஆலோசனை சொல்கிறவரே பொருளையும் விற்றால் அவர் ஆலோசகர் இல்லை, ஏஜென்ற். அதோடு எங்கட பெண்களின் நிறை, வயது, படம், வருத்தம் எல்லாம் யாரோ ஒருவரின் ஃபோனில் போய்க் கிடக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. உடல்நலத் தகவலை அது விசேடமாகக் காக்க வேண்டிய தரவாகப் பார்க்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி எங்கட ஊரில் ஒருவராவது கேள்வி கேட்டிருக்கிறோமா? நாங்கள் கேட்கவில்லை. இனிக் கேட்போம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. இந்த ஆலோசனைகள் பழியைச் சனத்தின் தலையில் போடுகின்றன. கட்டுப்பாடு இல்லை, சோம்பேறித்தனம், வாயைக் கட்டத் தெரியாது. சரி, கொஞ்சம் எங்கட ஒழுங்கைக்கு வாருங்கள். பின்நேரம் நாலரைக்குப் பீத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு சூன் பாண் ஓட்டோ வாசலுக்கே வரும். பணிஸ், கிம்புலா, கிறீம் பண். பிள்ளைகள் ஓடும். கீரை ஓட்டோ என்று ஒன்று வருகிறதா? சந்திக் கடையில் வாசலிலேயே சோடாக் குளிர்ப்பெட்டி. 2016இல் குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. 2017இன் கடைசியில் சீனி அளவைப் பார்த்து வரியும் வந்தது. பிறகு வந்தவர்கள் அந்த வரியைக் குறைத்தார்கள். சிவப்பு வட்டம் இன்னும் போத்தலில் இருக்கிறது. அதன் அர்த்தத்தை எங்கட பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறோம்?

2022 செப்ரெம்பரில் இந்த நாட்டில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருசத்தில் சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த நாட்களில் எங்கட வீடுகளில் முதலில் நின்றது முட்டை, பிறகு மீன், பிறகு பருப்பு. கடைசிவரை நின்றது சோறும் பாணும்தான். விலை எதை விடச் சொன்னதோ அதைச் சனம் விட்டது. அதற்குப் பிறகு வந்து ‘புரதம் போதாது’ என்கிறவரிடம் நாங்கள் என்ன சொல்லுவது?

நடை என்கிறீர்கள். ஏ9 வீதியில் வாகனம் பறக்கிறது. உள்வீதியில் விளக்கு இல்லை. பொழுதுபட ஒரு பெண் தனிய நடந்தால் நாய், குடிகாரன், பிறகு ஊர் வாய். விடியக் காலமை ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறி, நாள் முழுக்க மெசினுக்கு முன்னால் இருந்து, இருட்டி வந்து சமைக்கிற அக்காவுக்கு அந்த 150 நிமிடம் எங்கே இருக்கிறது? ஒரு காலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு ஆட்கள் சைக்கிளில் வேலைக்குப் போனதாகப் பெரியாட்கள் சொல்லுவார்கள். யுத்தம் அதை மூடிவிட்டது. வயலில் இப்போது வெட்டு மெசின் வந்துவிட்டது. அரிவு வெட்டிய கைக்கு வேலை இல்லை, ஆனால் சோற்றுக் கோப்பை அதே அளவு. இது ஒருத்தரின் சோம்பேறித்தனமில்லை.

இங்கே ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 2005-2006 காலத்தில் இலங்கையில் நீரிழிவு பற்றிய பெரிய நாடளாவிய ஆய்வு ஒன்று நடந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு, விளிம்பில் நிற்பவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர் என்று அது கண்டது. இன்றைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற ஆய்வு. அதில் ஒன்பது மாகாணங்களில் ஏழுதான் இருந்தன. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் இல்லை. ‘நாடளாவிய’ என்ற சொல்லுக்குள் நாங்கள் இல்லை.

அதற்கு மூன்று வருசத்தில் என்ன நடந்தது என்பது வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு றோட்டால் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நடந்து, முள்ளிவாய்க்காலில் உப்பில்லாத கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் இது. அந்த வரிசையில் வயிற்றுப்பிள்ளையோடு நின்றவர்களும் இருந்தார்கள். 1944-45 பனிக்காலத்தில் ஒல்லாந்தில் ஒரு பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோது அவர்களுடைய உடம்பு சீனியைக் கையாளுகிற விதம் மற்றவர்களைவிடப் பழுதாகியிருந்தது. 1998இல் அந்த முடிவு வெளிவந்தது. தாய் கிடந்த பட்டினியைப் பிள்ளையின் உடம்பு மறக்காது. 2009இல் வயிற்றில் இருந்த பிள்ளைகள் இப்போது பெரிய பரீட்சை எழுதுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களை இப்போதே சோதிக்க வேண்டும், நாற்பது வயதுவரை காத்திருக்கக் கூடாது என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. ‘உங்கட பழக்கவழக்கம் சரியில்லை’ என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் இந்தச் சரித்திரத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் வாயை மூடி நிற்கட்டும்.

சிலர் சொல்லுவார்கள்: ஒண்டும் இல்லாததுக்கு இது பரவாயில்லைத்தானே? மாமி மயங்கிக் கிடந்த கதை அதற்குப் பதில். தவறான ஆலோசனை ஒன்றும் இல்லாததைவிட மோசம். இன்னும் சிலர்: பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எல்லாம் சரிவரும், பாட்டன் பூட்டன் என்ன டயற் பிளானா பார்த்தவை? அதிலும் எங்களுக்குப் பாதி உடன்பாடுதான். ஒடியல் கூழும் குரக்கனும் நல்லது. ஆனால் பாட்டன் நாள் முழுக்க வயலில் நின்றார். அவருடைய அளவுச் சோற்றை அவருடைய உழைப்பு இல்லாமல் சாப்பிடுவதற்குப் பெயர் பாரம்பரியம் இல்லை. குத்தரிசி என்றாலும் நாலு அகப்பை நாலு அகப்பைதான்.

அப்படியென்றால் என்ன வேண்டும்? குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக நாங்கள் இதை எழுதவில்லை.

முதலாவது, இணையவழி ஆலோசனை கிளினிக்கிலிருந்து தொடங்க வேண்டும். 2011இலிருந்து சுகாதார அமைச்சு நாடு முழுக்க ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை நடத்துகிறது. முப்பத்தைந்து வயது தாண்டிய எவரும் போய் நிறை, இடுப்பு, பிறஷர், சீனி பார்க்கலாம், காசு இல்லை. ஆண்கள் போவது மிகக் குறைவு. வேலை நாளில் காலமை என்றால் கூலிக்குப் போகிறவன் எப்படிப் போவான்? அதைப் பின்நேரத்திலும் ஞாயிறிலும் திறக்க வேண்டும். அங்கே ஒருமுறை நேரில் பார்த்தவரை அதே ஆள் ஃபோனில் தொடர வேண்டும். கிளினிக் கொப்பியில் இருக்கிற குளிசை விபரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் ஃபோனின் உண்மையான பயன்: பூநகரி றோட்டால் உள்ளுக்கு இருக்கிறவர் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நின்று, ‘சாப்பாட்டைக் குறையுங்கோ’ என்ற ஒரு வசனத்தைக் கேட்டுக்கொண்டு வரத் தேவையில்லாமல் ஆக்குவது.

இரண்டாவது, அதற்கு ஒரு மனிதரைச் சம்பளம் குடுத்து வைக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் ஏற்கனவே கர்ப்பிணி, குழந்தை, தடுப்பூசி என்று ஓடிக்கொண்டிருக்கிறா. அவவின் தலையில் இதையும் கட்டக்கூடாது. ஊரில் உயர்தரம் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற பெண்கள் எத்தனை பேர்! பயிற்சி குடுத்து, மேலே ஒரு மருத்துவரின் கண்காணிப்பை வைத்து, சம்பளம் குடுங்கள். தொண்டு என்று சொல்லிச் சும்மா வேலை வாங்காதீர்கள்.

மூன்றாவது, மொழி. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. மெசின் மொழிபெயர்த்த தமிழ் எங்களுக்கு வேண்டாம். வாசிக்கக் கஷ்டப்படுகிற அம்மாவுக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு போதும். “அம்மா, இண்டைக்கு எத்தினை தேத்தண்ணி குடிச்சனீங்கள்?” என்று கேட்கிற குரல்.

நாலாவது, சமைக்கிறவரையும் சாப்பிடுகிறவரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். ஐயாவுக்குச் சீனி வருத்தம் என்றால் ஆலோசனை அம்மாவுக்குப் போகிறது, பழியும் அம்மாவுக்கே போகிறது. கறியில் உப்புக் குறைந்தால் கோப்பையைத் தள்ளுகிற ஐயாவுக்குத்தான் முதலில் ஃபோன் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, ஃபோனால் செய்ய ஏலாததை ஃபோனிடம் விடக்கூடாது. பள்ளிக்கூட மைதானங்களைப் பின்நேரம் பெண்களுக்குத் திறந்துவிடுங்கள், இரண்டு விளக்குப் போடுங்கள். அது பிரதேச சபையின் வேலை. பள்ளிக்கூட வாசலில் சோடா விற்பதை நிறுத்துங்கள். சீனி வரியைத் திரும்ப உயர்த்தி, அந்தக் காசைக் கிளினிக்குக்குக் குடுங்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒன்று. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் எங்கட சனத்துக்கும் இதே வருத்தம்தான் என்று எங்களுக்குத் தெரியும். அங்கே உணவியல் படித்த எங்கட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வராதீர்கள். ஒரு வருசத்துக்கு வாருங்கள். முதல் மாதம் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள்.

நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? எங்கட கூட்டங்களில் இனி றோல்ஸும் சோடாவும் இல்லை என்று தீர்மானித்திருக்கிறோம். கடலை, சீனியில்லாத பிளேன்ரீ. எங்களில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், பரவாயில்லை. ஒரு தையல் நாடா வாங்கி நாங்கள் எல்லாரும் இடுப்பை அளந்தோம். அதில் வந்த கணக்கை இங்கே போடமாட்டோம், ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்கு ஒருவரையாவது கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்திருக்கிறோம், முதலில் எங்கட அப்பாமாரை.

அந்தப் பின்வரிசை அம்மாவைப் பிறகு சந்தியில் கண்டோம். பதில் இல்லாமல் அனுப்பினதுக்கு மன்னிப்புக் கேட்டோம். “அதுக்கென்ன பிள்ளையள், எனக்குச் சோத்தை விட ஏலாது, அவ்வளவுதான்” என்றா. “விட வேண்டாம் அம்மா, ஒரு அகப்பையைக் குறைச்சு, அந்த இடத்தில கீரையை வையுங்கோ. தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி. குளிசையை மட்டும் நேரத்துக்குச் சாப்பாட்டோட எடுங்கோ” என்றோம். கொஞ்சநேரம் யோசித்தா.

“இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?”

சொல்லியிருக்கலாம்.